ஊதாப் பொடி கிடைத்தது, வினை நடக்கவில்லை: டைட்டானியா மேல் தங்கக் கொத்துகளை ஏற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: "டைட்டானியம் டை ஆக்சைடு (டைட்டானியா) மேல் தங்கத்தை ஏற்றினால், கார்பன் மோனாக்சைடு அறை வெப்பநிலையிலேயே ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிவிடும் என்று படிக்கிறோம். குளோரோஆரிக் அமிலக் கரைசலில் டைட்டானியாவை ஊறவைத்து, அப்படியே உலர்த்தி, 400 டிகிரி செல்சியஸில் சுட்டேன். அழகான ஊதாப் பொடி வந்தது. ஆனால் 200 டிகிரிக்குக் கீழே ஒன்றும் நடக்கவில்லை. எங்கே தவறு?"

உங்கள் பொடியில் தங்கம் இருக்கிறது, கொத்துதான், அதாவது சில நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்தான், இல்லை. ஊறவைத்து உலர்த்தும்போது கரைசலில் இருந்த குளோரைடு முழுவதும் பொடியிலேயே தங்கிவிடுகிறது. சூடேற ஏற, அந்தக் குளோரைடு தங்க அணுக்களை ஆக்சைடின் பரப்பில் எளிதாக நகரவிடுகிறது. நகர்ந்தவை ஒன்றுசேர்ந்து பத்து, முப்பது நானோமீட்டர் உருண்டைகளாகத் திரள்கின்றன. இதே ஊறவைக்கும் முறை பிளாட்டினத்துக்கும் பலேடியத்துக்கும் நன்றாகவே பலன் தருகிறது. தங்கத்துக்கும் அதே வழியைப் பின்பற்றியவர்களுக்கு மந்தமான பொடிகளே கிடைத்தன. தங்கம் வினையூக்கிக்கு உதவாது என்ற பெயர் நீண்டகாலம் நிலைத்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அந்தப் பெயரை மாற்றியவர் ஜப்பானின் ஒசாகாவில் அரசு ஆய்வுநிலையத்தில் பணியாற்றிய மசாதகே ஹருதா. தங்கத்தை இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆக்சைடுகளோடு சேர்த்தே கரைசலிலிருந்து வீழ்படிவாக்கினால், கார்பன் மோனாக்சைடு மைனஸ் 70 டிகிரியில்கூட ஆக்சிஜனேற்றம் அடைகிறது என்று அவரது குழு 1987-இல் வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே, 1992-இல், இரும்பு ஆக்சைடு மேல் ஏற்றிய தங்கம் ஜப்பானியக் கழிவறைகளில் நாற்றம் நீக்கியாகச் சந்தைக்கு வந்துவிட்டது. அறிவியல் உலகம் பரபரத்த ஒரு பொருளுக்கு இது கொஞ்சம் எளிமையான முதல் வேலைதான்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். திடத் தங்கத்தில் ஒரு கன நானோமீட்டருக்கு ஏறத்தாழ 59 அணுக்கள். அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே 0.288 நானோமீட்டர். தங்கத் துகள் ஆக்சைடு மேல் அரைக்கோளமாக உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 3 நானோமீட்டர் என்றால் அதில் சுமார் 420 அணுக்கள். அவற்றில் ஆக்சைடைத் தொட்டபடி வட்ட விளிம்பில் நிற்பவை 33, அதாவது 8 விழுக்காடு. விட்டம் 10 நானோமீட்டர் ஆனால் 15,000-க்கு மேற்பட்ட அணுக்களில் விளிம்பில் இருப்பவை 110 மட்டுமே, 0.7 விழுக்காடு. 30 நானோமீட்டரில் நான்கு லட்சத்துக்கு மேல் அணுக்கள், விளிம்பில் 330; அது 0.08 விழுக்காடு. ஒரே எடைத் தங்கத்தில், 3-இலிருந்து 30-க்குப் போகும்போது விளிம்பு நூறில் ஒரு பங்காகிவிடுகிறது. வெறும் மேற்பரப்பு மட்டும்தான் காரணம் என்றால் இழப்பு பத்து மடங்கோடு நின்றிருக்க வேண்டும்.

அந்த விளிம்பில்தான் வினை நடக்கிறது. கார்பன் மோனாக்சைடு தங்கத்தின் மேல், குறிப்பாக அண்டை அணுக்கள் குறைவாக உள்ள மூலைகளிலும் ஓரங்களிலும், தளர்வாக ஒட்டுகிறது. ஆக்சிஜன் மூலக்கூறு தங்கத்தின் மேல் தனியாக ஒட்டுவதே அரிது. தங்கமும் டைட்டானியமும் அருகருகே இருக்கும் எல்லையில்தான் அதற்குப் பிடி கிடைக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜான் யேட்ஸின் குழு 2011-இல் அகச்சிவப்பு நிறமாலை மூலம் இந்த எல்லையில் நடக்கும் வினையை நேரடியாகப் பின்தொடர்ந்து காட்டியது. பிளாட்டினத்தில் நிலைமை தலைகீழ். கார்பன் மோனாக்சைடு அதன் பரப்பை இறுகப் பிடித்து மூடிக்கொள்வதால் ஆக்சிஜனுக்கு இடமே இல்லை. அந்தப் பிடி தளரும் அளவுக்குச் சூடாக்கியாக வேண்டும். தங்கத்தின் பலவீனமான பிடிப்பே குளிரில் அதற்குக் கைகொடுக்கிறது.

அளவைப் பற்றி வேறு விளக்கங்களும் உண்டு. டெக்சாஸில் வேய்ன் குட்மனின் குழு 1998-இல், டைட்டானியாப் படிகத்தின் மேல் தங்கத்தை ஆவியாகப் படியவைத்து, இரண்டு அணு அடுக்கு உயரமும் ஏறத்தாழ 3.5 நானோமீட்டர் அகலமும் கொண்ட தீவுகளே மிகுந்த வீரியம் காட்டுவதாகக் கண்டது. அந்த அளவில் உலோகத் தன்மை குறையத் தொடங்குவதே காரணம் என்றது. அண்டை அணுக்கள் குறைந்த மூலை அணுக்களின் எண்ணிக்கையே போதுமான விளக்கம் என்பது வினையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பவர்களின் வாதம். நேர்மின்னூட்டம் பெற்ற தங்கமா, வெறும் உலோகத் தங்கமா என்பது இன்னொரு சண்டை. டைட்டானியா மேல் நடக்கும் கார்பன் மோனாக்சைடு வினைக்கு மட்டும் சொன்னால், உலோகத் தங்கமும் விளிம்பும் என்ற விளக்கமே சோதனைகளோடு அதிகம் ஒத்துப்போகிறது. எந்த விளக்கத்தை ஏற்றாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: துகளை 2 முதல் 4 நானோமீட்டருக்குள் நிறுத்தி, அது ஆக்சைடோடு நன்றாக ஒட்டும்படி பார்த்துக்கொள்வது.

இனி செய்முறை. இதற்கான முறைக்குப் படிவு-வீழ்படிவு முறை என்று பெயர். தங்கத்தின் குளோரைடுகளைக் கரைசலிலேயே ஒவ்வொன்றாக ஹைட்ராக்சைடாக மாற்றி, அந்த வடிவில் ஆக்சைடின் பரப்பில் ஒட்டவைத்து, மீதக் குளோரைடைக் கழுவித் தள்ளுவதுதான் இதன் உட்பொருள். அமிலக் கரைசலில் ஒரு தங்க அணுவைச் சுற்றி நான்கு குளோரைடு இருக்கும். காரம் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு குளோரைடாக வெளியேறி ஹைட்ராக்சைடு உள்ளே வரும். பி.எச். 8 அளவில் பெரும்பாலான குளோரைடு போய்விடுகிறது.

ஒரு கிராம் டைட்டானியாவில் ஒரு விழுக்காடு தங்கம் வேண்டும் என்றால் 10 மி.கி. தங்கம் தேவை. மூன்று நீர் மூலக்கூறுகள் கொண்ட குளோரோஆரிக் அமிலத்தின் (இனி உப்பு என்று சொல்வது இதைத்தான்) எடையில் சரியாகப் பாதி தங்கம். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு முறையில் கரைசலில் உள்ள தங்கம் முழுவதும் ஏறாது, ஒரு பகுதி கரைசலிலேயே நின்றுவிடும். எனவே 20-க்குப் பதில் 30 மி.கி. உப்போடு தொடங்குங்கள். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழம்பாகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் எடைபோடுவது வீண்பாடு. புதிதாகத் திறந்த ஒரு கிராம் புட்டியை அப்படியே 100 மி.லி. நீரில் கரைத்து, பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் இருட்டில் வையுங்கள். அதிலிருந்து 3 மி.லி. எடுத்தால் கணக்கு முடிந்தது. எஃகுக் கரண்டியை இந்த உப்புக்குள் விடக்கூடாது. எஃகின் மேலேயே தங்கம் உலோகமாகப் படிந்துவிடும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் போதும். கையில் பட்டால் இரண்டு நாள் ஊதாக் கறை நிச்சயம்.

அந்த 3 மி.லி.யை 100 மி.லி. தூய நீரில் விட்டு, கலக்கியபடி 70 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். 8-க்குக் கொண்டுவாருங்கள். அமிலத்தின் ஒரு ஹைட்ரஜனுக்கும் மூன்று குளோரைடுகளுக்கும் சேர்த்து, ஒரு தங்க அணுவுக்கு நான்கு ஹைட்ராக்சைடு என்று கணக்கிட்டால் சுமார் 3 மி.லி. பிடிக்கும். ஐந்து, ஆறு மி.லி. ஊற்றியும் பி.எச். ஏறவில்லை என்றால் காரக் கரைசல் பழசாகி, காற்றின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். இந்த மாற்றம் உடனே முடிவதில்லை. 8 என்று காட்டிய அளவு பத்து நிமிடத்தில் 7-க்கு இறங்கும். மறுபடி சொட்டு விட வேண்டும். மஞ்சள் கரைசல் நிறமிழந்து, பி.எச். 15 நிமிடம் நகராமல் நின்ற பிறகே டைட்டானியாவைப் போடுங்கள். பி.எச். மீட்டரை அறை வெப்பநிலையில் அளவுதிருத்திவிட்டு 70 டிகிரிக் கரைசலில் நுழைத்தால் அது காட்டும் எண் நம்பத் தகுந்ததல்ல. வெப்பநிலைத் திருத்தம் உள்ள மின்முனையையே பயன்படுத்துங்கள்.

டைட்டானியாவுக்குப் பலரும் எடுப்பது பி25 என்ற வணிகப் பொடி. கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்பு. பெரும்பகுதி அனடேஸ், கொஞ்சம் ரூட்டைல்; இரண்டும் டைட்டானியாவின் படிக வடிவங்கள். போட்ட பிறகு இன்னும் ஒரு மணி நேரம் 70 டிகிரியில் கலக்குங்கள், பி.எச்.சை 8-ஐ ஒட்டியே பிடித்திருங்கள். 6-க்குக் கீழே போனால் தங்கம் அதிகமாக ஏறும், ஆனால் குளோரைடோடு ஏறும்; துகள் பெருத்துவிடும். 10-க்கு மேல் போனால் துகள் சிறிதாக இருக்கும், தங்கம் மட்டும் ஏறாது. டைட்டானியாவின் சம மின்புள்ளி, அதாவது பரப்பின் நிகர மின்னூட்டம் சுழியாகும் பி.எச்., 6 அளவில் இருப்பதால், அதற்கு மேலே அதன் பரப்பு எதிர்மின்னூட்டம் பெற்று, எதிர்மின்னூட்டம் கொண்ட தங்க அயனிகளைத் தள்ளத் தொடங்குகிறது. 8 என்பது இந்த இரண்டுக்கும் இடையிலான ஒரு சமரசம்.

ஏறாத தங்கத்தைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: கலவையைச் சுழற்றித் தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை சோடியம் போரோஹைட்ரைடு போடுங்கள். சிவப்போ ஊதாவோ ஆனால் தங்கம் இன்னும் கரைசலில் இருக்கிறது.

தங்கம் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்றால் காரத்துக்குப் பதில் யூரியா. பாரிஸில் காத்ரின் லூயியின் குழு 2002-இல் இதை விரிவாக ஆராய்ந்தது. 80 டிகிரியில் யூரியா மெல்லச் சிதைந்து, காரத்தைக் கரைசல் முழுவதும் ஒரே சீராக வெளிவிடும், பி.எச். 2, 3-இல் தொடங்கி 7-ஐ எட்டும். 100 மி.லி. கரைசலில் தங்கம் 4.2 மில்லிமோலார், யூரியா அதைப்போல நூறு மடங்கு, ஒரு கிராம் டைட்டானியா என்று எடுத்தால் 8 விழுக்காடு தங்கம் முழுமையாக ஏறிவிடும். முதல் ஒரு மணி நேரத்திலேயே தங்கம் எல்லாம் ஏறினாலும் நிறுத்தக்கூடாது. அப்போது எடுத்தால் துகள்கள் 5 நானோமீட்டருக்கு மேல் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல், வசதிப்பட்டால் இரவு முழுவதும் விட்டால் பாதியாகச் சுருங்கும். காலம் கூடினால் துகள் பெருக்கும் என்ற வழக்கமான எதிர்பார்ப்பு இங்கே பலிப்பதில்லை.

எந்த முறையானாலும் அம்மோனியாவைக் கொண்டு பி.எச்.சை ஏற்றவோ குளோரைடைக் கழுவவோ முனையாதீர்கள். தங்க ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்தால் உலர்ந்ததும் வெடிக்கும் சேர்மம் உருவாகும். சின்ன உராய்வே போதும்.

கழுவுதல்தான் பலரும் அவசரப்படும் இடம். மையவிலக்கியில் சுழற்றி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, 50 டிகிரி வெந்நீர் 100 மி.லி.யில் பொடியைக் கலக்கிப் பத்து நிமிடம் விட்டு, மறுபடி சுழற்றுங்கள். நான்கு அல்லது ஐந்து முறை. வடிநீரில் இரண்டு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலமும், பிறகு வெள்ளி நைட்ரேட்டும் விட்டுப் பாருங்கள். வெண்மை தெரியாமல் போகும்வரை கழுவ வேண்டும். அமிலம் சேர்க்காமல் விட்டால் காரத்தாலும் கார்பனேட்டாலும் வரும் கலங்கலைக் குளோரைடு என்று தவறாக எடுத்துக்கொள்வீர்கள். இந்தச் சோதனை நீரில் உள்ள குளோரைடை மட்டுமே காட்டும், பரப்பில் தங்கத்தோடு பிணைந்து நிற்பதைக் காட்டாது. அதனால்தான் கழுவுவதற்கு முன்னாலேயே பி.எச்.சைப் பொறுமையாக நிலைநிறுத்தச் சொன்னேன். மிச்சமிருக்கும் குளோரைடு இரண்டு விதமாகக் கெடுக்கிறது: சூட்டில் தங்கத்தைத் திரளவைக்கிறது, பிறகு வினை நடக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு நஞ்சாகிறது.

உலர்த்தும்போது வெளிச்சம் படக்கூடாது. புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி, வெற்றிட அடுப்பில் 80 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தால் போதும். காலையில் பொடி வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருக்க வேண்டும். இந்தக் கட்டத்திலேயே ஊதா எட்டிப்பார்த்தால் தங்கம் முன்கூட்டியே உலோகமாகிவிட்டது. ஒளி பட்டிருக்கலாம், கரிமத் தூசு கலந்திருக்கலாம், அடுப்பு சூடு மிஞ்சியிருக்கலாம். அந்தப் பொடியை மேற்கொண்டு சுடுவதில் பயனில்லை.

சுடுவதற்கு 400 வேண்டாம். திடப்பொருளின் அணுக்கள் தாராளமாக நகரத் தொடங்கும் வெப்பநிலை, அதன் உருகுநிலையில் கெல்வின் கணக்கில் ஏறத்தாழ பாதி என்பது பழைய விதி. தங்கம் 1337 கெல்வினில் உருகுகிறது. பாதி 668 கெல்வின், அதாவது 395 டிகிரி செல்சியஸ். பிளாட்டினத்துக்கு அதே கணக்கு 750 டிகிரிக்கு அருகில் நிற்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த 400 தங்கம் ஊர்வதற்குச் சரியான இடம். கூடவே குளோரைடும் இருந்தது. சில நானோமீட்டர் துகள்கள் திடத் தங்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே நிலைகுலையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 300-க்கு ஏற்றி, அங்கே நான்கு மணி நேரம்; நிமிடத்துக்கு 100 மி.லி. உலர்ந்த காற்று பொடி வழியே ஓட வேண்டும். மூடிய உலையில் தட்டில் பரப்பிச் சுட்டால் வெளிவரும் நீராவி பொடியைச் சுற்றியே நிற்கும், துகளும் பெருக்கும். ஹைட்ரஜனும் ஆர்கானும் கலந்த வாயுவில் செய்தால் துகள் இன்னும் சற்றுச் சிறிதாக வரும், 200 டிகிரியே போதுமானது.

முடிவில் வருவதும் ஊதாப் பொடிதான். நிறத்தைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாது. 3 நானோமீட்டர் துகளும் 20 நானோமீட்டர் துகளும் டைட்டானியா மேல் ஊதாவாகவோ சாம்பல்-ஊதாவாகவோதான் தெரியும். கருவி தேவை, அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் தங்கத்தின் முதன்மைச் சிகரம் 38.2 டிகிரியில் வரும். அனடேஸுக்கு 37.8-இல் ஒரு சிகரம் உண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். தங்கத்தின் அடுத்த சிகரம் 44.4-இல், பி25-இல் உள்ள ரூட்டைல் 44-க்கு அருகே அதையும் தொந்தரவு செய்யும். ஒரு விழுக்காடு தங்கத்தில், சின்னத் துகள்கள் என்றால், சிகரமே தெரியாமல் போவதுதான் நல்ல செய்தி. கூர்மையான தங்கச் சிகரம் தெரிந்தால் பெரிய உருண்டைகள் இருப்பது உறுதி. ஆனால் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்துத் துகள் அளவு சொல்லக் கூடாது.

சரியான விடை ஊடுருவு மின்னணு நுண்ணோக்கியில்தான், அதுவும் கனமான அணுக்களைப் பளிச்சென்று காட்டும் வருடு வகையில். குறைந்தது இருநூறு துகள்களை அளந்து பரவலைப் போடுங்கள். எதிர்பார்ப்பு என்னவென்று முன்பே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு விழுக்காடு தங்கம், 3 நானோமீட்டர் அரைக்கோளங்கள், 50 சதுர மீட்டர் பரப்பு என்றால் ஏறத்தாழ 680 சதுர நானோமீட்டருக்கு ஒரு துகள் வரும். 25 நானோமீட்டர் டைட்டானியா மணி ஒன்றில் மூன்று துகள்கள். படத்தில் ஒரு டைட்டானியா மணிமேல் ஒரு துகள்கூடக் கண்ணில் படவில்லை என்றால் தங்கம் ஏறவில்லை, அல்லது வேறெங்கோ பெரிய உருண்டையாகிக் கிடக்கிறது. அந்த ஒரு பெரிய உருண்டையைத் தேடிப் பாருங்கள். 30 நானோமீட்டர் துகள் ஒன்று, 3 நானோமீட்டர் துகள்கள் ஆயிரத்தின் தங்கத்தை விழுங்கியிருக்கும். சுடாத பொடியை நுண்ணோக்கியில் வைத்து அளவு சொல்லாதீர்கள்; மின்னணுக் கற்றையே தங்க ஹைட்ராக்சைடை உலோகத் துகளாக்கிவிடும். பிளாட்டினத்துக்குச் செய்வதுபோல ஹைட்ரஜனை உறிஞ்சவைத்து மேற்பரப்பை அளப்பதும் இங்கே உதவாது, தங்கம் அதைச் சட்டை செய்வதில்லை. ஏறிய தங்கத்தின் மொத்த அளவுக்கு இராஜ திராவகத்தில் கரைத்துத் தனிம ஆய்வு செய்யுங்கள். தொடக்கத்தில் போட்ட உப்பை வைத்து ஏற்றத்தைக் குறிப்பிடுவது, சோடியம் ஹைட்ராக்சைடு முறையில் எப்போதும் மிகைக் கணக்கு.

வினையைச் சோதிக்கும் முறையிலும் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். வழக்கமான ஏற்பாடு: 4 முதல் 6 மி.மீ. உள்விட்டக் கண்ணாடிக் குழாய், 100 மி.கி. வினையூக்கி, காற்றில் ஒரு விழுக்காடு கார்பன் மோனாக்சைடு, நிமிடத்துக்கு 33 மி.லி. வாயு. வெளியேறும் வாயுவைப் புகைக்கூண்டுக்குள் விட்டு, அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் மாட்டுங்கள். இந்த ஓட்டத்தில் நொடிக்கு 0.22 மைக்ரோமோல் கார்பன் மோனாக்சைடு உள்ளே போகிறது. பொடியில் இருக்கும் தங்கம் 5 மைக்ரோமோல். அத்தனையும் மாறிவிட்டது என்றாலும், ஒரு தங்க அணு நொடிக்கு 0.04 மூலக்கூறை மாற்றியது என்றுதான் சொல்ல முடியும். நல்ல பொடி இதைவிடப் பல மடங்கு வேகம் காட்டும். ஆகவே நூறு விழுக்காடு மாற்றம் என்ற வரைபடம் பார்க்க அழகாக இருக்கும், வினையூக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டு பொடிகளை ஒப்பிட வேண்டுமானால் 10 மி.கி. வினையூக்கியை 200 மி.கி. குவார்ட்ஸ் மணலோடு கலந்து, மாற்றம் 10 அல்லது 15 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி ஓட்டத்தை அமைத்து வேகத்தை அளவிடுங்கள்.

மணல் கலப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வினை மோலுக்கு 283 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. ஒரு விழுக்காடு கலவை முழுதாக மாறி, வெப்பம் வெளியேற வழியில்லை என்றால் வாயுவின் வெப்பநிலை ஏறத்தாழ 95 டிகிரி உயரும். குழாய்க்கு வெளியே வெப்பமானி 30 டிகிரி காட்ட, உள்ளே பொடி 80-இல் இருக்கலாம். வெப்பமானி நுனி பொடிக்குள்ளேயே இருக்கட்டும்.

கார்பன் மோனாக்சைடு சிலிண்டர் எஃகு என்றால் அதில் இரும்பும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து உண்டாகும் இரும்பு கார்பனைல் ஆவி கலந்து வரும். சூடான வினையூக்கியில் அது இரும்பு ஆக்சைடாகப் படியும். சோதனையின் முதல் மணியில் நன்றாக இருந்த வேகம் நாளுக்கு நாள் காரணமின்றி மாறுவதற்கும், குழாயின் நுழைவாய்ப் பக்கம் மட்டும் பொடி பழுப்பேறுவதற்கும் இதுவே காரணமாக இருக்கும். அலுமினியா நிரப்பி 300 டிகிரிக்குச் சூடாக்கிய ஒரு சிறு குழாயை வழியில் வைத்தால் கார்பனைல் அங்கேயே சிதைந்து நின்றுவிடும். அலுமினியச் சிலிண்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தாமல் எடுத்த எண்களை மற்றவர்களின் எண்களோடு ஒப்பிடவே கூடாது. ஹருதாவும் அவரோடு இருந்தவர்களும் 2001-இல் காட்டியபடி, டைட்டானியா மேல் தங்கத்தின் வேகம், வாயுவில் உள்ள நீராவி பத்து லட்சத்தில் சில பங்கிலிருந்து சில நூறு பங்குக்கு உயரும்போது பத்து மடங்குவரை கூடுகிறது. நீர் தரும் புரோட்டான், எல்லையில் நிற்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து அதன் பிணைப்பை உடைக்க உதவுகிறது. பரப்பில் தேங்கும் கார்பனேட்டைச் சிதைக்கவும் துணைபோகிறது. நீர் மிதமிஞ்சினால் அதுவே இடத்தை அடைத்துக்கொள்ளும். மழைக்கால ஆய்வகத்தில் நேற்று அளந்த வேகமும் இன்று அளந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் வாயு உலர்த்தியைப் பாருங்கள்.

டைட்டானியாவை விட்டு வேறு ஆக்சைடுக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: சீரியா, சிர்கோனியா, அலுமினியா மூன்றுக்கும் இதே முறை பொருந்தும், பி.எச்.சை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டும். அலுமினியா ஆக்சிஜனுக்கு உதவி செய்யாத ரகம் என்பதால் அதில் ஈரத்தின் பங்கு இன்னும் கூடுதல். சிலிகாவில் இந்த முறை தோற்றுவிடும். அதன் சம மின்புள்ளி 2 அளவில் இருப்பதால் பி.எச். 8-இல் பரப்பு வலுவான எதிர்மின்னூட்டம் கொண்டது. தங்க அயனி ஒட்டவே ஒட்டாது. அங்கே எத்திலீன்டையமீனோடு தங்கத்தை இணைத்து நேர்மின் அயனியாக்கித்தான் ஏற்ற வேண்டும். மக்னீசியா நீரில் போட்டவுடன் தானே ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கும்.

பிளாட்டினத்தை டைட்டானியா மேல் ஏற்றுபவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். ஹைட்ரஜனில் 500 டிகிரிக்கு ஏற்றினால் டைட்டானியாவே ஒடுக்கமடைந்து (ஆக்சிஜனில் ஒரு பகுதியை இழந்து), மெல்லிய படலமாக உலோகத்தின் மேல் ஏறி மூடிக்கொள்ளும். துகள் பெருக்கவில்லை, ஆனால் ஹைட்ரஜன் உறிஞ்சுவது நின்றுவிடும். டாஸ்டரும் உடனிருந்தவர்களும் 1978-இல் விவரித்த விளைவு இது. ஆக்சிஜனில் 400 அளவில் சுட்டு, பிறகு 200-இல் மெதுவாக ஒடுக்கினால் படலம் விலகிவிடும். துகள் பெருத்த பொடியை இப்படி மீட்க முடியாது; அதனால் உலோகம் செத்துவிட்டதா, மூடப்பட்டிருக்கிறதா என்று அறிய இந்தச் சுழற்சியே நல்ல சோதனை.

அணுவை எண்ணிச் செய்யும் கொத்துகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவை வேறு உலகம். உலி ஹைஸ், உஸி லாண்ட்மன் குழுவினர் 1999-இல் நிறை நிறமாலைமானியில் எடை பிரித்த தங்கக் கொத்துகளை மக்னீசியாப் படலத்தின் மேல் மெதுவாக இறக்கி, கார்பன் மோனாக்சைடு வினைக்கு எட்டு அணுக்கள் கொண்ட கொத்தே குறைந்தபட்சம் என்று கண்டனர். அதுவும் ஆக்சிஜன் அணு விடுபட்ட குழிகள் உள்ள மக்னீசியாவில் மட்டும். அந்தக் குழியின் மின்னணு கொத்துக்கு நகர்வதுதான் தூண்டுதல். ஆனால் இப்படிக் கிடைப்பது மிக உயர் வெற்றிடத்தில் ஒரு சதுர செ.மீ. பரப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவு. கிராம் கணக்கில் வேண்டுமென்றால் கந்தகம் கொண்ட தயோல் மூலக்கூறுகள் போர்த்திய, 25 தங்க அணுக்கள் கொண்ட கொத்தைக் கரைசலில் செய்து ஆக்சைடு மேல் ஏற்றலாம். போர்த்திய கந்தகத்தை எரித்து நீக்க 300 டிகிரி தேவை, அந்தச் சூட்டில் கொத்துகள் திரளத் தொடங்கும். குறைந்த சூட்டில் விட்டால் கந்தகம் விளிம்பிலேயே நின்று வினையைத் தடுக்கும். கார்பன் மோனாக்சைடுதான் உங்கள் நோக்கம் என்றால் இந்த வழிக்குச் செலவிடும் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

சரியாக வந்த பொடியும் வைத்திருக்க வைத்திருக்க மங்கும். சுடாத, உலர்ந்த பொடியாகவே இருட்டில், உறைபெட்டியில், இறுக மூடி வைத்து, சோதனைக்கு முந்தின நாள் தேவையான அளவை மட்டும் சுட்டுக்கொள்வது நல்லது. சுட்ட பொடி அறையில் சில வாரம் கிடந்தால் காற்றின் கார்பன் டை ஆக்சைடும் கரிம ஆவிகளும் பரப்பை மூடும். வினை ஓடும்போதே வேகம் குறைந்தால் பெரும்பாலும் கார்பனேட் தேக்கம்தான். 200 டிகிரியில் காற்றை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பழைய வேகம் திரும்பினால் தங்கம் அப்படியே இருக்கிறது. திரும்பவில்லை என்றால் நுண்ணோக்கிக்கு அனுப்புங்கள்.